நஞ்சைப் பிடிக்கும் கழிவு

கிருமி கலந்த தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும். சாக்கடை கலந்த குளத்தில்கூட, நாள் செல்லச் செல்ல நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்று குறைக்கும். காரீயம் கலந்த தண்ணீருக்கு இந்த இரண்டு வழியும் உதவாது. கொதிக்க வைத்தால் தண்ணீர்தான் ஆவியாகும். மிஞ்சும் நீரில் காரீயத்தின் செறிவு முன்பைவிடக் கூடியிருக்கும். காரீயம் ஒரு தனிமம். எந்த வேதிவினையும் எந்த நுண்ணுயிரும் ஒரு தனிமத்தை இல்லாமல் ஆக்க முடியாது. பாதரசம், காட்மியம், குரோமியம், நிக்கல், இவற்றோடு சேர்த்தே பேசப்படும் ஆர்சனிக் எல்லாவற்றுக்கும் இதுதான் விதி. கன உலோகம் நீரில் இறங்கிவிட்டால், அதை நீரிலிருந்து எடுத்து வேறோர் இடத்தில் பத்திரமாக வைப்பதைத் தவிர வழியில்லை.

எவ்வளவு எடுக்க வேண்டும் என்று பார்த்தால் வேலையின் கடினம் புரியும். இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2012-ல் வெளியிட்ட குடிநீர்த் தரத்தின்படி, ஒரு லிட்டர் குடிநீரில் காரீயம் 10 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. ஆர்சனிக்குக்கும் அதே 10 மைக்ரோகிராம். காட்மியத்துக்கு 3, பாதரசத்துக்கு 1, மொத்தக் குரோமியத்துக்கு 50. ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. வரம்பு இவ்வளவு இறுக்கமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. காரீயம் வளரும் குழந்தையின் மூளையைத் தாக்குகிறது. காட்மியம் சிறுநீரகத்தில் பல ஆண்டுகள் தங்கிவிடுகிறது. ஆர்சனிக் தோல் நோயில் தொடங்கிப் புற்றுநோய் வரை கொண்டுபோய் விடுகிறது.

ஆலைகள் வழக்கமாகச் செய்வது சுண்ணாம்பு சேர்ப்பது. நீரின் காரத்தன்மை கூடும்போது உலோகம் ஹைட்ராக்சைடாக மாறி அடியில் படியும். லிட்டருக்குச் சில நூறு மில்லிகிராம் இருக்கும் கழிவுநீரைச் சில மில்லிகிராமுக்குக் கொண்டுவர இது போதும். அதற்குக் கீழே, மைக்ரோகிராம் அளவுக்கு இறக்க இது திணறும். மலைபோல் சேறும் சேரும். அயனிப் பரிமாற்றப் பிசினும் ஆர்ஓ சவ்வும் அந்த வேலையைச் செய்யும். ஆனால் சின்ன முலாம் பட்டறைக்கும், ஒற்றைக் குழாய்க் கிணற்றை நம்பியிருக்கும் கிராமத்துக்கும் அவற்றின் விலையும் பராமரிப்பும் கட்டுப்படியாகாது. இந்த இடைவெளியை நிரப்ப வந்ததுதான் கழிவுப் பொருளைக் கொண்டே உலோகத்தைப் பிடிக்கும் யோசனை.

வாழைப்பழத் தோல், ஆரஞ்சுத் தோல், தேயிலைச் சக்கை, மரத்தூள், கரும்புச் சக்கை, நெல் உமி, கடலைத் தொலி, முட்டை ஓடு, அனல்மின் நிலையச் சாம்பல் என்று கையில் கிடைத்த கழிவையெல்லாம் உலகெங்கும் ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஏறக்குறைய எல்லாமே ஏதோ ஓர் அளவுக்கு உலோகத்தைப் பிடிக்கின்றன. ஆகவே பிடிக்குமா என்ற கேள்விக்கு விடை எப்போதோ கிடைத்துவிட்டது. இனிக் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. எந்த உலோகத்தை, அது எந்த வடிவில் இருக்கும்போது பிடிக்கும்? ஆய்வகத்துக்கு வெளியே, ஊர்க் கிணற்று நீரில் எவ்வளவு பிடிக்கும்? பிடித்த நஞ்சு கடைசியில் எங்கே போகும்? இந்த அத்தியாயம் அந்த மூன்று கேள்விகளைப் பற்றியது.

பரப்பில் நடப்பது

ஒரு பொருள் இன்னொன்றைத் தன் உள்ளே முழுவதும் இழுத்துக்கொண்டால் அது உறிஞ்சுதல். தன் மேற்பரப்பில் ஒட்டி நிறுத்திக்கொண்டால் அது பரப்பு கவர்தல்; அப்படிப் பிடிக்கும் பொருள் கவர்பொருள். உலோகம் பிடிக்கும் வேலையில் பெரும்பகுதி இரண்டாவது வகை. அதனால் பரப்பு எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது. கொட்டாங்குச்சியைக் காற்றுப் படாமல் கரியாக்கி, பிறகு 800 முதல் 1,000 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் நீராவியைச் செலுத்தினால், நீராவி கரியை அரித்து எண்ணற்ற நுண்துளைகளை உண்டாக்கும். பெரும்பாலான துளைகள் 2 நானோமீட்டருக்கும் குறைவான அகலம் கொண்டவை. இப்படிக் கிளர்வூட்டிய கரி ஒரு கிராமின் உட்பரப்பை எல்லாம் விரித்துப் போட்டால் ஏறக்குறைய 1,000 சதுர மீட்டர் வரும். நம் கணக்கில் 25 சென்ட் நிலம்.

கரியின் இந்த ஆற்றல் நெடுநாளாகத் தெரிந்ததுதான். நிறம் மண்டிய கரைசலைக் கரி தெளிய வைக்கும் என்பதை டோபியாஸ் லோவிட்ஸ் ரஷ்யாவில் 1785-ல் கண்டறிந்தார். முதல் உலகப் போரில் நச்சுவாயு முகமூடிகளுக்குக் கொட்டாங்குச்சிக் கரி போனது. இன்று தங்கச் சுரங்கங்களில் சயனைடு கரைசலிலிருந்து தங்கத்தைப் பிடிப்பதும் பெரும்பாலும் அதே கரிதான்.

ஆனால் பரப்பளவு மட்டும் போதாது. குளோரின், நாற்றம், கரிமப் பொருள் ஆகியவற்றுக்கு நுண்துளை போதும். நீரில் கரைந்த உலோகமோ மின்சுமை கொண்ட அயனி. அதைச் சுற்றி நீர் மூலக்கூறுகள் சூழ்ந்திருக்கும். அதை விலக்கி அயனியைப் பற்றிக்கொள்ளப் பரப்பில் தகுந்த வேதித் தொகுதிகள் வேண்டும். இங்கேதான் விவசாயக் கழிவு முன்னே வருகிறது. பழத்தோலில் உள்ள பெக்டினில் கார்பாக்சில் தொகுதிகள் நிறைய உண்டு. மரத்தூளிலும் தென்னை நார்க்கழிவிலும் உள்ள லிக்னினில் பீனால் தொகுதிகள் உண்டு. தலைமுடியிலும் கோழி இறகிலும் கந்தகத் தொகுதிகள் உண்டு. இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானில் அமீன் தொகுதிகள் உண்டு. தொழிற்சாலையில் பணம் செலவழித்துப் பிசினில் பொருத்தும் தொகுதிகளை இயற்கை ஏற்கெனவே பொருத்தி வைத்திருக்கிறது.

உலோகத்தின் வடிவம்

காரீயமும் காட்மியமும் நீரில் நேர்மின் அயனிகளாக இருக்கின்றன. கார்பாக்சில் தொகுதி தன் ஹைட்ரஜனை விட்டுவிட்டு எதிர்மின் சுமையோடு நின்றால்தான் அவற்றைப் பிடிக்க முடியும். நீர் அமிலமாக இருந்தால் அந்த வாய்ப்பு இல்லை. பேருந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடிப்பவர்களைப் போல, ஹைட்ரஜன் அயனிகள் எல்லா இடங்களையும் முன்பே பிடித்து வைத்திருக்கும். அதனால்தான் கடும் அமிலமான பிஹெச் 2 அளவில் ஏறக்குறைய ஒன்றும் பிடிக்காத வாழைத்தோல், பிஹெச் 5-ல் நன்றாகப் பிடிக்கிறது. 6-ஐத் தாண்டினால் இன்னொரு குழப்பம் தொடங்கும். காரீயம் தானாகவே ஹைட்ராக்சைடாகவும் கார்பனேட்டாகவும் படியத் தொடங்கும். காரீயம் குறைந்ததற்குத் தோல் காரணமா, காரம் காரணமா என்று பிரித்துச் சொல்வது கடினம்.

குரோமியத்தின் கதை இதற்கு நேர் எதிர். தோல் பதனிடப் பயன்படும் குரோமியம்-3 நேர்மின் அயனி. ஒப்பீட்டளவில் நச்சு குறைந்தது. குரோமியம்-6 ஆக்சிஜனோடு சேர்ந்து குரோமேட் என்னும் எதிர்மின் அயனியாக நீரில் திரியும். எளிதில் கரையும், வெகுதூரம் பயணிக்கும், புற்றுநோய் உண்டாக்கும். ராணிப்பேட்டை சிப்காட் பகுதியில் 1990-களின் நடுவில் மூடப்பட்ட ஒரு குரோமேட் ஆலை, இரண்டு லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கழிவை விட்டுச் சென்றது. அதிலிருந்து கசிந்த குரோமியம்-6 சுற்றுப்புற நிலத்தடி நீரை மஞ்சளாக்கியது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீரும் பாலாற்றுப் படுகையில் சேர்ந்தது. இந்த வட்டாரத்து மக்களின் வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று, மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதியாக அறிவித்தது.

குரோமியம்-6 கரைந்த மஞ்சள் நீரைக் கூம்புக் குடுவையில் எடுத்து, பிஹெச் 2 வரும்வரை அமிலம் விட்டு, கழுவி உலர்த்திய தென்னை நார்க்கழிவுத் தூளைப் போட்டுக் குலுக்கும் கருவியில் வைத்தால் நேரம் போகப் போக மஞ்சள் வெளுக்கும். வடிகட்டிய நீரில் டைபீனைல்கார்பசைடு என்ற வினைப்பொருளைச் சில துளி விட்டால், குரோமியம்-6 இருக்கும்வரை ஊதா நிறம் வரும். பல மணி நேரம் கழித்து எடுத்த மாதிரியில் ஊதா வராது. நார்க்கழிவு குரோமியத்தை முழுவதும் பிடித்துவிட்டது என்று எழுதத் தோன்றும். பல ஆய்வுக் கட்டுரைகள் அப்படித்தான் எழுதின.

உள்ளே நடந்தது வேறு. அமில நீரில் தாவரப் பொருள் தன் எலக்ட்ரான்களைக் கொடுத்துக் குரோமியம்-6-ஐக் குரோமியம்-3 ஆக்கிவிடுகிறது. அதில் ஒரு பகுதி தூளில் ஒட்டுகிறது. மீதி நீருக்கே திரும்பிவிடுகிறது. டைபீனைல்கார்பசைடுக்குக் குரோமியம்-3 தெரியாது. அணு உட்கவர் நிறமாலைமானியில் மொத்தக் குரோமியத்தை அளந்தால்தான் நீரில் இன்னும் எவ்வளவு மிச்சம் என்பது வெளிப்படும். நச்சு குறைந்தது உண்மை. குரோமியம் போய்விட்டது என்பது உண்மையல்ல. உலோகத்தின் வடிவத்தைப் பார்க்காமல் கவர்பொருளை மதிப்பிட்டால் இப்படித்தான் ஏமாற நேரும்.

பாதரசத்துக்குக் கந்தகத்தின் மேல் தனி நாட்டம் உண்டு. இதை நன்கு பயன்படுத்தியவர் ஆஸ்திரேலியாவின் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழக வேதியியலாளர் ஜஸ்டின் சாக்கர். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் கோடிக்கணக்கான டன் கந்தகம் உபரியாகக் குவிகிறது. ஆரஞ்சுத் தோலிலிருந்து லிமோனீன் என்ற எண்ணெய் கிடைக்கிறது. இரண்டையும் சேர்த்துச் சூடாக்கி அவருடைய குழு 2015-ல் ஒரு கருஞ்சிவப்புப் பலபடியை உருவாக்கியது. அது நீரிலிருந்து பாதரசத்தைப் பிடிப்பதோடு, பிடித்த இடத்தில் மஞ்சளாகவும் மாறியது. இரண்டு கழிவுகளைச் சேர்த்து உருவான பொருள், தான் நஞ்சைத் தொட்டதைத் தானே காட்டிக்கொடுக்கிறது.

தென்னை நார்க்கழிவும் முட்டை ஓடும்

தேங்காய் மட்டையிலிருந்து நார் பிரித்த பிறகு மிஞ்சும் தூள் பொள்ளாச்சி, உடுமலை வட்டாரங்களில் மலைபோல் குவிந்து கிடந்த காலம் உண்டு. கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் அறிவியல் துறையில் சி. நமசிவாயமும் அவருடைய மாணவர்களும் 1990-களில் இந்த நார்க்கழிவைக் கரியாக்கி, பாதரசம், காட்மியம் போன்ற உலோகங்களை நீரிலிருந்து நீக்க வரிசையாகச் சோதித்தார்கள். குரோமேட் கலந்த கழிவுநீரைச் சுத்திகரிக்கும்போது படியும் இரும்பு-குரோமியச் சேற்றையே கவர்பொருளாக்கிப் பார்த்ததும் அவர்கள்தான். ஒரு மாசைத் தீர்க்கும்போது உண்டான கழிவு, இன்னொரு மாசைத் தீர்க்க உதவுமா என்ற அந்தக் கேள்வி இந்தத் துறைக்குத் தமிழ்நாடு கொடுத்த முக்கியமான பங்களிப்பு.

நார்க்கழிவை ஏன் கரியாக்க வேண்டும்? பச்சையாகவே போட்டால் என்ன? ஒரு கைப்பிடி நார்க்கழிவைக் கண்ணாடிக் குவளை நீரில் இரவு முழுக்க ஊற வைத்தால் காலையில் நீர் கடுங்காப்பி நிறத்தில் இருக்கும். அது டேனினும் பீனால் சேர்மங்களும் கரைந்த நிறம். காரீயத்தைக் குறைக்கப் போட்ட பொருள் நீரில் கரிமப் பொருளைக் கூட்டிவிடுகிறது. நாலு நாள் வைத்தால் நாற்றமும் பூசணமும் வரும். அதனால்தான் தாவரக் கழிவைக் காரம் அல்லது அமிலம் கொண்டு கழுவுகிறார்கள், கால்சியம் குளோரைடு போன்ற உப்பில் ஊற வைக்கிறார்கள், அல்லது கரியாக்குகிறார்கள். ஒவ்வொரு படியும் செலவு. ஒவ்வொரு படியிலும் வெளியேறும் கழுவுநீரும் கணக்கில் வர வேண்டும்.

கரியாக்குவதிலும் இதே எச்சரிக்கை தேவை. காங்கேயம் பகுதியில் தேங்காய்த் தொட்டிக்கரி சுடும் தொழில் நெடுங்காலமாக நடக்கிறது. சூடான கரியை ஆற்ற ஊற்றும் தண்ணீர் பீனால் சேர்மங்களோடு மண்ணில் இறங்கி, சுற்றியுள்ள கிணறுகளைக் கெடுப்பதாக விவசாயிகள் தொடர்ந்து புகார் சொல்லி வந்திருக்கிறார்கள். ஓர் ஊரின் குடிநீரைச் சுத்தம் செய்யப் போகும் கரி, தான் பிறந்த ஊரின் கிணற்றைக் கெடுத்துவிட்டுப் போகக் கூடாது. மூடிய உலையில் சுட்டு, எழும் வாயுவை எரித்து, நீரில்லாமல் ஆற்றினால் இதைத் தவிர்க்கலாம்.

உமியின் இயல்பு வேறு. நெல்லின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உமி. உமியை எரித்தால் அதன் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சாம்பல். அந்தச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. அரிசி ஆலைகள் கொதிகலனில் உமியை எப்படியும் எரிக்கின்றன. எரிக்கும் வெப்பம் அளவாக இருந்தால் சிலிக்கா படிகமாகாமல் நுண்துளைகளோடு நிற்கும். அதன் மேல் இரும்பு ஆக்சைடோ அமீன் தொகுதியோ ஏற்றலாம். வெப்பம் மிஞ்சினால் படிகமாகி வினைத்திறன் இழக்கும்.

நாமக்கல்லைக் கொண்ட மாநிலத்தில் முட்டை ஓட்டைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. முட்டை ஓட்டில் ஏறக்குறைய 95 சதவீதம் கால்சியம் கார்பனேட். காரீயம் கலந்த நீரில் ஓட்டுத்தூளைப் போட்டால் ஓட்டிலிருந்து கால்சியம் கரைய, அந்த இடத்தில் காரீயக் கார்பனேட் படிகிறது. இது பரப்பு கவர்தலைவிட வீழ்படிவுக்கு நெருக்கமான வினை. நீரின் அமிலத்தையும் ஓடு தானே சரிசெய்துவிடும். அமிலம் மிகுந்த முலாம் பட்டறைக் கழிவுநீருக்கு முதல் கட்டமாக இது பொருந்தும். இறுதி வடிகட்டியாகப் பொருந்தாது.

இரும்புச் சீவல் காத்த வீடுகள்

ஆய்வகத்திலிருந்து வீட்டு முற்றம் வரை வந்து சேர்ந்த கவர்பொருளுக்குச் சிறந்த எடுத்துக்காட்டு வங்கதேசத்தில் இருக்கிறது. குளத்து நீர் குடித்துக் குழந்தைகள் வயிற்றுப்போக்கில் இறப்பதைத் தடுக்க 1970-களிலிருந்து அங்கே லட்சக்கணக்கில் குழாய்க் கிணறுகள் போடப்பட்டன. கங்கைப் படுகையின் வண்டலில் இயற்கையாகவே ஆர்சனிக் இருந்தது யாருக்கும் தெரியாது. உலக சுகாதார நிறுவனத்தின் இதழ் 2000-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, அப்போதைய 12.5 கோடி மக்களில் 3.5 கோடி முதல் 7.7 கோடி பேர் வரை ஆர்சனிக் கலந்த நீரின் அபாயத்தில் இருந்தார்கள்.

வங்கதேசத்தின் குஷ்டியாவைச் சேர்ந்த அபுல் ஹுசாம் அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியர். மருத்துவரான தன் சகோதரரோடு சேர்ந்து அவர் உருவாக்கிய வடிகட்டியின் பெயர் சோனோ. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வாளிகள். மேல் வாளியில் ஆற்று மணலும், லேத் பட்டறையில் வார்ப்பிரும்பைக் கடையும்போது விழும் சீவலைப் பதப்படுத்திச் செய்த இரும்புப் படுகையும். கீழ் வாளியில் மணல், மரக்கரி, செங்கல் ஜல்லி. மின்சாரம் வேண்டாம், ரசாயனம் சேர்க்க வேண்டாம்.

வேலை செய்வது துரு. சீவலின் பரப்பு நீரிலும் காற்றிலும் மெல்லத் துருப்பிடித்து நீரேற்ற இரும்பு ஆக்சைடாகிறது. நிலத்தடி நீரில் ஆர்சனிக் பெரும்பாலும் ஆர்சனிக்-3 வடிவில், மின்சுமை இல்லாமல் இருப்பதால் அதைப் பிடிப்பது கடினம். இரும்பு துருவேறும் அதே வினையில் அந்த ஆர்சனிக்-3 ஆர்சனிக்-5 ஆகிறது. ஆர்சனிக்-5 துருவிலுள்ள இரும்போடு ஆக்சிஜன் வழியே நேரடிப் பிணைப்பு கொள்கிறது. மேலோட்டமாக ஒட்டிய அயனியைப் போல இது சுலபமாகக் கழன்று வருவதில்லை. இரும்பு தொடர்ந்து துருப்பிடிப்பதால் புதிய பரப்பு வந்துகொண்டே இருக்கிறது. அமெரிக்கத் தேசியப் பொறியியல் அகாதமி 2007-ல் கிரெய்ஞ்சர் பரிசாக 10 லட்சம் டாலரை ஹுசாமுக்கு வழங்கியது. பரிசுத் தொகையில் பெரும்பகுதியை வடிகட்டிகளை மக்களிடம் கொண்டுசேர்க்கவே அவர் ஒதுக்கினார்.

சென்னை ஐஐடியில் தலப்பில் பிரதீப்பின் குழு இதே இரும்பு வேதியியலை இறால் ஓட்டோடு சேர்த்தது. ஓட்டை நீர்த்த அமிலத்தில் போட்டுச் சுண்ணாம்பை நீக்கி, காரத்தில் போட்டுப் புரதத்தை நீக்கி, பிறகு அடர்காரத்தில் சூடாக்கினால் கைட்டோசான் கிடைக்கும். இரும்பு ஆக்சிஹைட்ராக்சைடு நானோ துகள்கள் தனியாக இருந்தால் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகித் திறன் இழக்கும். நீரோடு அடித்துச் செல்லப்படும். கைட்டோசான் வலைக்குள் சிக்கவைத்தால் அவை சிறிதாகவே நிற்கும். அம்ரித் என்ற பெயரில் இந்தப் பொருள் ஆர்சனிக் பாதித்த பகுதிகளுக்குப் போயிருக்கிறது. பிரதீப்புக்கு 2020-ல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது.

சோனோவும் அம்ரித்தும் ஒரு பாடம் சொல்கின்றன. இரண்டிலும் கழிவு அப்படியே பயன்படவில்லை. ஒரு குறிப்பிட்ட நஞ்சின் வேதியியலை அறிந்து அதற்கேற்பப் பதப்படுத்தப்பட்டது. இரண்டும் ஆய்வகக் கரைசலோடு நின்றுவிடாமல், மக்கள் குடிக்கும் கிணற்று நீரில் ஆண்டுக்கணக்கில் சோதிக்கப்பட்டன.

குடுவைக்கும் கிணற்றுக்கும் நடுவே

கவர்பொருள் ஒன்று கிராமுக்கு 50 மில்லிகிராம் காரீயம் பிடிக்கும் என்று ஒரு கட்டுரை சொல்வதாக வைத்துக்கொள்வோம். ஒரு வீட்டுக்கு நாளுக்கு 20 லிட்டர் குடிநீர் வேண்டும். கிணற்று நீரில் லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் காரீயம். அதை 10-க்குக் குறைக்க வேண்டும். எடுக்க வேண்டியது மொத்தம் 0.8 மில்லிகிராம். கட்டுரைக் கணக்குப்படி நாளுக்கு 16 மில்லிகிராம் கவர்பொருள் போதும். ஒரு சிட்டிகைகூட இல்லை.

இங்கே வேதியியலாளர் இர்விங் லாங்மியூரைக் கேட்க வேண்டும். ஒரு பரப்பு எவ்வளவு வாயுவைப் பிடிக்கும் என்பது, அதைச் சுற்றி எவ்வளவு வாயு மிச்சம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது என்று அவர் 1918-ல் சமன்பாடாக எழுதினார். நீருக்கும் அதே சமன்பாட்டைப் பயன்படுத்துகிறார்கள்: நீரில் கடைசியாக எவ்வளவு மிச்சம் விடுகிறோமோ அதைப் பொறுத்தே பிடிக்கும் அளவு. கட்டுரையின் 50 மில்லிகிராம், லிட்டருக்குச் சில நூறு மில்லிகிராம் காரீயம் கரைத்த கரைசலில் பரப்பு முழுவதும் நிரம்பும்போது வரும் எண். நமக்கோ 10 மைக்ரோகிராம்தான் மிஞ்ச வேண்டும். பிணைப்பின் வலிமையைச் சொல்லும் லாங்மியூர் மாறிலியை மில்லிகிராமுக்கு 0.1 லிட்டர் என்று எடுத்துக் கணக்கிட்டால், அந்த நிலையில் ஒரு கிராம் பிடிப்பது 0.05 மில்லிகிராம். ஆயிரத்தில் ஒரு பங்கு. நாளுக்கு வேண்டியது 16 மில்லிகிராம் அல்ல, 16 கிராம். கட்டுரையில் பொய் இல்லை. அது சொன்ன எண் நம் கிணற்றுக்கானதல்ல, அவ்வளவுதான்.

இத்தோடு முடியவில்லை. ஆய்வகத்தில் வாலை வடிநீரில் காரீயத்தை மட்டும் கரைக்கிறார்கள். நம் ஊர்க் கிணற்று நீர் கடினநீர். லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மை, அதுவும் முழுக்கக் கால்சியத்தால் என்று வைத்தால், ஒரு காரீய அயனிக்கு எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட கால்சியம் அயனிகள் போட்டிக்கு நிற்கும். ஆர்சனிக்குக்குப் போட்டி பாஸ்பேட்டும் சிலிக்கேட்டும். இத்தனை கூட்டத்தில் தனக்கு வேண்டியதை மட்டும் தேர்ந்து பிடிப்பதுதான் ஒரு கவர்பொருளின் உண்மையான திறமை. தூளைக் குடுவையில் குலுக்குவதும் குழாயில் அடைத்து நீரை ஓடவிடுவதும்கூட வேறுவேறு. தூள் பொடியாக இருந்தால் அடைத்துக்கொள்ளும். பருமனாக இருந்தால் நீர் பிடிபடாமல் ஓடிவிடும்.

பிடித்த பிறகு

மூன்றாவது கேள்விக்கு வருவோம். பிடித்த நஞ்சை எங்கே வைப்பது? உலோகம் ஏறிய உமியை அடுப்பில் போட்டால் காட்மியம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவை ஆவியாகி மூச்சில் ஏறும். எருக்குழியில் போட்டால் வயலுக்குப் போய், பயிர் வழியே தட்டுக்கு வரும். குப்பை மேட்டில் கொட்டினால் மழையில் மறுபடி கரைந்து, எங்கிருந்து எடுத்தோமோ அந்த நிலத்தடிக்கே திரும்பும்.

சரியான வழிகள் சில உண்டு. செம்பு, நிக்கல் போன்ற விலையுள்ள உலோகமானால் நீர்த்த அமிலத்தில் கழுவி எடுத்து, அடர்ந்த கரைசலிலிருந்து உலோகத்தை மீட்கலாம். கவர்பொருளையும் சில முறை திரும்பப் பயன்படுத்தலாம். மீட்க முடியாததைக் கசிவுச் சோதனை செய்து, சிமெண்டில் கட்டி, கும்மிடிப்பூண்டியில் இருப்பதைப் போன்ற பாதுகாக்கப்பட்ட நிலநிரப்பில் புதைக்க வேண்டும். அனல்மின் நிலையச் சாம்பல், அலுமினா ஆலையின் செஞ்சேறு போன்ற கழிவுகளில் அவற்றின் சொந்தக் கன உலோகங்களே இருக்கின்றன என்பதையும் மறக்கக் கூடாது. அவற்றைக் குடிநீரில் விடும் முன் கசிவுச் சோதனை கட்டாயம்.

எல்லாவற்றையும்விடச் சிறந்தது உலோகத்தை நீரில் இறங்கவே விடாதிருப்பது. வழக்கமான குரோம் பதனிடுதலில் போட்ட குரோமியத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தோலில் ஏறாமல் கழிவுநீரில் போகும். சென்னையிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் அதை மெக்னீசியம் ஆக்சைடால் படியவைத்து, கந்தக அமிலத்தில் கரைத்து, மறுபடி பதனிடும் தொட்டிக்கே அனுப்பும் முறையைப் பரப்பியது. தொட்டியில் அடர்த்தியாக இருக்கும்போது எடுப்பது எளிது. அதே குரோமியம் ஆற்றில் கலந்து ஆயிரம் மடங்கு நீர்த்த பிறகு எடுப்பதுதான் கடினம், செலவும் பல மடங்கு. கவர்பொருள் கடைசிக் காவல். அதை நம்பி முதல் காவலைத் தளர்த்தினால் இழப்பு ஆற்றுக்கும் மக்களுக்கும்தான்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு சொல். வாழைத்தோலையும் தேயிலைச் சக்கையையும் போட்டுக் குடிநீரைச் சுத்தம் செய்ய வேண்டாம். கிணற்று நீரின் மேல் சந்தேகம் இருந்தால், தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்துச் சோதியுங்கள். எந்த உலோகம், எவ்வளவு என்று தெரிந்த பிறகே எந்த வடிகட்டி என்று முடிவு செய்யுங்கள்.

கல்லூரியில் இந்தத் துறையில் ஆய்வு செய்யும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். இன்னொரு கழிவு இன்னொரு உலோகத்தைப் பிடிக்கிறது என்று காட்டுவதோடு நிறுத்தாதீர்கள். பாலாற்றங்கரைக் கிணற்றில் ஒரு குடம் நீர் எடுத்து வந்து அதில் சோதியுங்கள். மொத்த உலோகத்தையும் அளந்து எழுதுங்கள். உங்கள் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம், பயன்படுத்திய தூள் எங்கே போகும் என்பதைச் சொல்லட்டும். அந்த அத்தியாயம் இல்லாத ஆய்வு பாதி வேலைதான்.